தேர்வு மொழியும் அறிவளவீடும்

ஒரே வினாத்தாளை அனைவர்க்கும் அளித்தால் மதிப்பீடு நடுநிலையுடையதாகிவிடும் என்னும் கருத்து ஆய்வுக்குரியது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தப்பெற்றன. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தோர்க்கு எழுத்துத் தேர்வும் பிறர்க்குப் படத்தேர்வும் அமைந்தன. அம்மதிப்பெண்களை ஆராய்ந்த கார்ல் பிரிகாம், தென், கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் அறிவில் தாழ்ந்தோர் என 1923இல் எழுதினார். அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடியதை அவர் தரவே காட்டிற்று. எனினும், பிற்காலத்தே வந்தோர் தரம் குறைந்தோர் என்றே அவர் அதற்கு விளக்கம் தந்தார். 1926இல் கல்லூரிச் சேர்க்கைக்கென முதன்முதலாக நடத்தப்பெற்ற எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கிய குழுவின் தலைவரும் அவரே.

1930இல் பிரிகாம் தம் முடிவை வெளிப்படையாகக் கைவிட்டார். தேர்வு மொழியைக் கற்கும் வாய்ப்பு ஒத்திருந்தோரையே அத்தேர்வால் ஒப்பிட இயலும் என்பதை ஏற்றார். ஆயினும், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1924இலேயே நிறைவேறியிருந்தது. அளவுகோலின் பிழை அளக்கப்பட்டோரின் குறையாகப் பதிவானதற்கு இஃது ஒரு சான்று. பன்மொழிச் சூழலில் மதிப்பெண் கொண்டு மாணவரையும் பள்ளிகளையும் தரப்படுத்துவோர், அம்மதிப்பெண் காட்டுவது பாட அறிவையா, தேர்வு மொழிப் பயிற்சியையா என முதற்கண் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.