மேரி எலன் ஏவரி

மேரி எலன் ஏவரி (மே 6, 1927 – டிசம்பர் 4, 2011) அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் மருத்துவ ஆய்வாளரும் ஆவார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு, அவர்களின் நுரையீரலில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் போதிய அளவில் இல்லாமையே காரணம் என்பதை 1959-இல் ஜெர் மீடுடன் இணைந்து வெளிப்படுத்தினார். பச்சிளங்குழந்தை மருத்துவத்தின் பிற்கால வளர்ச்சிக்கு இக்கண்டுபிடிப்பு அடித்தளமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

ஏவரி நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் பிறந்தார். அண்டை வீட்டில் வாழ்ந்த குழந்தை மருத்துவர் எமிலி பேக்கன் இவருக்கு முன்மாதிரியாக விளங்கினார். 1948-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வீட்டன் கல்லூரியில் வேதியியலில் பட்டம் பெற்ற ஏவரி, 1952-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் விரைவிலேயே இவரைக் காசநோய் தாக்கியது. நோயுற்றிருந்த காலமே நுரையீரலின் இயக்கத்தில் இவருக்கு ஆர்வத்தைத் தூண்டியது.

நோயைப் பற்றிய பழைய கருத்து

இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில், பிணக்கூறாய்வின்போது கண்ணாடி போன்ற ஒரு படலம் காணப்பட்டது. இதனால் இது ஹையலின் படல நோய் என அழைக்கப்பட்டது. நுரையீரலுள் புகுந்த ஏதோ ஒரு பொருள்தான் படலமாகி மூச்சை அடைக்கிறது என்று பலரும் கருதினர். அதாவது, நுரையீரலில் இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறது என்பதே அன்றைய கருத்தாகும்.

கண்டுபிடிப்பு

ஏவரி 1957-இல் பாஸ்டனுக்குச் சென்று, ஹார்வர்டு பொதுநலவியல் பள்ளியில் ஜெர் மீடின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இறந்த குழந்தைகளின் நுரையீரல்களை ஒப்பிட்டபோது, வேறு காரணங்களால் இறந்தவர்களின் நுரையீரலில் நுரை இருப்பதையும், ஹையலின் படல நோயால் இறந்தவர்களிடம் அது இல்லாததையும் கவனித்தார். மேரிலாந்தில் ஜான் கிளெமெண்ட்ஸ் நுரையீரல் சாறுகளின் பரப்பு இழுவிசையை அளக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தி வந்தார். அவரை நேரில் சந்தித்து அம்முறையைக் கற்ற ஏவரி, நோயுற்ற நுரையீரலின் சாற்றில் பரப்பு இழுவிசை மிகுந்திருப்பதை அளந்து காட்டினார். இருக்கக்கூடாத ஒன்று இருப்பதன்று, இருக்க வேண்டிய ஒன்று இல்லாததே நோய்க்கு மூலம் என்பது இதனால் தெளிவாயிற்று.

செயல்படும் விதம்

நுரையீரலின் காற்று நுண்ணறைகளின் உட்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதன் பரப்பு இழுவிசை, மூச்சை வெளிவிடும்போது நுண்ணறைகளைச் சுருக்கி மூடிவிட முயலும். அறை சிறிதாக ஆக, அதைத் திறந்து வைக்கத் தேவையான அழுத்தமும் கூடும். நுண்ணறைச் செல்கள் சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த பொருள் இந்த இழுவிசையைக் குறைக்கிறது. கருவில் இது போதிய அளவில் சுரப்பது ஏறத்தாழ 34, 35 வாரங்களுக்குப் பின்னரே. அதற்கு முன் பிறக்கும் குழந்தை, ஒவ்வொரு மூச்சிலும் மூடிய அறைகளை மீண்டும் திறக்கப் போராடிச் சோர்வடைகிறது.

சிகிச்சை முறைகள்

காரணம் தெரிந்தும் சிகிச்சை உடனே கிடைக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாட்களில் இந்நோயால் இறந்தான். பின்னர் மூன்று வழிகள் உருவாயின.

* கருப்பையிலேயே நுரையீரலை முதிரச் செய்தல்: நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ் ஆட்டுக்கருக்களில் ஸ்டீராய்டின் விளைவைக் கண்டு 1969-இல் வெளியிட்டார். ஏவரியின் குழுவும் இதை ஆட்டுக்கருக்களில் ஆராய்ந்து 1970-இல் முடிவுகளை வெளியிட்டது. 1972-இல் லிகின்ஸும் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், மூச்சுத்திணறல் நோய் 25.8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகக் குறைந்தது.
* தொடர் நேர் அழுத்தம்: நுண்ணறைகள் மூடாதபடி அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் முறையை ஜார்ஜ் கிரெகரி 1971-இல் வெளியிட்டார்.
* சர்ஃபாக்டன்ட் செலுத்துதல்: ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் வழியே செலுத்தி, 1980-இல் வெற்றியை அறிவித்தார். அமெரிக்காவில் இவ்வகை மருந்துக்கு முதல் ஒப்புதல் 1990-இல் கிடைத்தது.

இந்தியாவில்

உலகில் குறைமாதப் பிறப்புகள் மிகுதியாக நிகழும் நாடு இந்தியா. 2020-இல் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர். சர்ஃபாக்டன்ட் விலை உயர்ந்தது. அதைச் செலுத்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். டெக்சாமெத்தசோன் ஊசியோ மலிவானது. 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு முறை இதைச் செலுத்த 2014-இல் இந்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதல் ஊசியைச் செவிலியரே செலுத்திவிட்டுத் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். வாலாஜாபேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வேலூருக்குக் கொண்டு செல்லப்படும் தாய்க்கு, புறப்படும் முன்பே சிகிச்சை தொடங்கிவிட முடியும் என்பதே இதன் பயன்.

எனினும் ஊசி மட்டும் போதுமானதன்று. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வாய்வு, குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் வசதியுள்ள மருத்துவமனைகளில் நடத்தப்பட்டதாகும்.

பதவிகளும் விருதுகளும்

ஏவரி 1974-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். அப்பதவியை வகித்த முதல் பெண் இவரே. 1991-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 2003-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1964-இல் வெளிவந்த, பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் நோய்கள் பற்றிய இவரது நூல் இத்துறையில் புகழ்பெற்றது.

இவற்றையும் பார்க்க

* குறைப்பிரசவம்
* நுரையீரல்
* பரப்பு இழுவிசை
* வர்ஜீனியா அப்கார்