பாய்மரப் படகிலும் பழனிப் பாதையிலும்

தை பிறந்துவிட்டால் எடப்பாடியில் பழனிப் பேச்சுதான். பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துப் பாதயாத்திரையாகப் பழனிக்குப் போவது முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம் என்பார்கள். உலகைச் சுற்றிவரும் கிளிப்பர் பாய்மரப் படகுப் போட்டிக்கு அத்தனை வயது ஆகவில்லை. முதல் போட்டி நடந்தது 1996-இல். ஒன்று நேர்த்திக்கடன், மற்றொன்று பந்தயம். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. கைக்காசைச் செலவழித்து, தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும் கஷ்டம் இது.

கிளிப்பர் போட்டியைத் தொடங்கியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றி 1969-இல் கரை சேர்ந்த முதல் மனிதர் அவர். அவரைச் சுமந்த 'சுஹைலி' நம் பம்பாயில் கட்டிய படகு. இப்போது அவருடைய போட்டியில் எழுபதடி நீளமுள்ள, ஒரே அச்சில் வார்த்த படகுகள் ஓடுகின்றன. ஏறத்தாழ 40,000 கடல் மைல், அதாவது 74,000 கிலோமீட்டர், பதினொரு மாதம். கேப்டனும் அவருடைய துணையும்தான் தொழில்முறை மாலுமிகள். மற்றவர்கள் ஆசிரியர், செவிலியர், ஓய்வுபெற்றவர் எனக் கரையில் வேறு வேலை பார்த்தவர்கள். பலர் அதுவரை பாய்க்கயிற்றைத் தொட்டதே இல்லை.

படகில் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்துவிடுவார்கள். பகலில் ஆறு மணி நேரம், இரவில் நான்கு மணி நேரம் என்று முறை மாறும். தறிப்பட்டறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்த எடப்பாடிக்காரருக்கு இந்த அலுப்பு உடனே விளங்கும். ஆனால் தறிக்காரர் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். இங்கே ஓர் ஆள் எழுந்துபோன படுக்கையில், அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் படுக்கிறார். படகு எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே ஓடுவதால், உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையின் ஓரத்தைக் கயிற்றால் இழுத்து உயர்த்திக் கட்டுகிறார்கள்.

சமையல்கட்டுதான் இந்த வாழ்க்கையின் மையம் என்பது என் எண்ணம். தினம் இருவர் முறைவைத்துச் சமைக்கிறார்கள். படகு சாயும்போது அடுப்பு மட்டும் ஊஞ்சல்போல் ஆடி மட்டமாக நிற்கும். சமைப்பவரோ ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, மறு கையால் இருபது பேருக்குக் கிளற வேண்டும். ரொட்டியையும் அங்கேயே சுடுகிறார்கள். அன்றைக்குச் சமைத்தவர்களுக்கு மட்டும் இரவில் முழுத் தூக்கம் கிடைக்கும். பாயை மாற்ற யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எடப்பாடிக் கூட்டத்தின் பெருமையும் சமையலில்தான் இருக்கிறது. பழனி மலைமேலேயே அவர்கள் செய்யும் பஞ்சாமிர்தம் பத்து டன்னைத் தாண்டும். வாழைப்பழத்தை மலைமலையாகக் குவித்துத் தோலுரிக்கிறார்கள். நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைகிறார்கள். மயில் காவடி எடுத்தவர் நம் கண்ணில் படுகிறார். பழம் உரித்தவர் படுவதில்லை. கடலிலும் அப்படித்தான், கேப்டன் பெயர்தான் செய்தியில் வருகிறது. பெயர் தெரியாத இவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இரண்டும் விலகும் இடம் வழியோரம். காவடிக்காரருக்குக் கால் கொப்புளித்தால் புளியமரத்தடியில் உட்காரலாம். யாராவது மோர் கொடுப்பார்கள், அன்னதானப் பந்தல் இருக்கும். அவருடைய பாரத்தில் பாதியை வழியிலுள்ள ஊர்கள் சுமக்கின்றன. கடலில் அந்த உபகாரம் இல்லை. தென் பசிபிக்கில் நெமோ முனை என்ற இடத்திலிருந்து மிக அருகிலுள்ள தரையே சுமார் 2,688 கிலோமீட்டர். 2025 ஜனவரியில் நம் கடற்படையின் பாய்மரப் படகு 'தாரிணி' அந்த இடத்தைக் கடந்தபோது அதில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. அதற்கு முன்பு, 2023-இல் கேப்டவுனிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கு நடந்த வேறொரு போட்டியில், அதே படகின் ஆறு பேர் அணியில் இருவரும் பழகியிருந்தார்கள்.

உதவிக்கு ஆளில்லாத இடத்தில் கண்டிப்பு கூடத்தான் செய்யும். மேல்தளத்தில் உயிர்காப்பு உடையின் கயிற்றைப் படகில் மாட்டிக்கொள்வது கிளிப்பரில் கண்டிப்பான விதி. அத்தனை எச்சரிக்கையையும் தாண்டி 2015-16 போட்டியில் இருவரும் 2017-இல் ஒருவரும் இறந்தார்கள்.

சேர்வதற்கான வாசலும் வேறு. கிளிப்பரில் எந்த நாட்டவரும் சேரலாம், ஆனால் பெரும்பணம் கட்ட வேண்டும். அதனால் வசதி இல்லாதவருக்கு அந்த வாசல் அடைத்தே கிடக்கிறது. எடப்பாடிக் காவடியில் பணம் தடையில்லை, அங்கே குலமும் ஊரும்தான் வாசல். இரண்டுமே எனக்கு முழு நிறைவு தரவில்லை.

முடியும் விதத்தில் எனக்கு எடப்பாடிதான் பிடிக்கிறது. கிளிப்பர் படகைக் கடைசித் துறைமுகத்தில் கட்டியதும் குழு கலைந்துவிடும். அடுத்த போட்டிக்குப் புதுமுகங்களை நான்கு கட்டமாகப் பயிற்சி கொடுத்து ஏற்றுவார்கள். பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை எடப்பாடிக் கூட்டத்துக்கு உண்டு. அவர்கள் அன்றிரவு அங்கே தங்கி, பஞ்சாமிர்தத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அடுத்த தையில் பெரும்பாலும் அதே குடும்பங்கள்தான் கிளம்பும். அண்டாவில் எதற்குப் பிறகு எதைக் கொட்டுவது என்பதை அங்கே ஒரு பையன் அப்பாவின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்கிறான்.