ஹுலுகங்கைப் பள்ளத்தாக்கு: சாய்வும் நீரும் உழைப்பும்

கண்டிப் பிரதேசத்தின் வரலாறு பெரும்பாலும் மூன்று தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டி இராச்சியத்தின் அரசியல் வரலாறு ஒன்று. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வரலாறு மற்றொன்று. சுதந்திரத்தின் பின் எழுந்த மகாவலி அபிவிருத்தியின் வரலாறு மூன்றாவது. முதலாவதில் மன்னரும் பிரதானிகளும் இடம்பெறுகின்றனர். இரண்டாவதில் துரைமாரும் தொழிலாளரும். மூன்றாவதில் அணைக்கட்டுகளும் மின்னிலையங்களும். இம்மூன்றும் ஒரே நிலத்தில், ஒரே நீரைச் சார்ந்து நிகழ்ந்தவை என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. மன்னரையோ தோட்டத்தையோ விடுத்து ஒரு சிறிய மலையாற்றை ஆய்வின் அலகாகக் கொண்டால் நமக்குப் புலப்படுவது யாது? ஹுலுகங்கையையும் அதன் பள்ளத்தாக்கையும் முன்வைத்து இவ்வினாவை இங்கு ஆராய முற்படுகிறோம்.

கண்டி நகரின் வடகிழக்கே, மகாவலிக்கு அப்பால், வத்துகாமம் செல்லும் பாதையில் மடவளை அமைந்துள்ளது. அது ஹுலுகங்கையின் கரையிலுள்ள ஊரன்று. ஆயினும் அப்பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்குரிய வாயில் என அதனைக் கொள்ளலாம். மடவளையைக் கடந்து வத்துகாமம், பன்வில வழியாகச் செல்லும் பாதை, ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஹுலுகங்கை என்னும் சிறு நகரை அடைகிறது. அதற்கு மேல் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுகிறது. இறுக மூடிய கையின் விரல் முட்டிகளை ஒத்த தோற்றம் பற்றி ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். அதன் மிக உயர்ந்த முடியான கொம்பனிய 1,906 மீற்றர் உயரமுடையது. ஆறு இன்று சென்று கலக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 438 மீற்றர். குறுகிய தூரத்தினுள்ளேயே இத்துணை உயர வேறுபாடு அமைந்திருப்பதே இப்பள்ளத்தாக்கின் முதன்மையான புவியியற் பண்பாகும்.

மழைவீழ்ச்சியும் இதற்கேற்பவே அமைகிறது. தென்மேற்கு, வடகீழ்ப் பருவக்காற்றுகள் இரண்டும் இம்மலைத்தொடரைத் தாக்குகின்றன. மேற்சாய்வுகள் பெருமழை பெறுகையில், திகன, தெல்தெனிய சார்ந்த கீழ்ப் பள்ளத்தாக்கு ஒப்பளவில் வறட்சியானதாக இருக்கிறது. மேலே ஈரம், கீழே வறட்சி, இடையே செங்குத்தான சாய்வு என்பதே இதன் அமைப்பு. சாய்வின்மீது காடு நின்றவரை மழைநீர் மண்ணுள் ஊறி மெல்லக் கீழிறங்கியது. காடு அகன்றதும் நீர் விரைந்தோடியது. மண்ணும் உடன் சென்றது. எனவே மேற்சாய்வை யார் என்ன நோக்கத்துக்காகப் பயன்படுத்தினர் என்பது கீழே வாழ்வோரின் வாழ்வையும் நிர்ணயிக்கும் வினாவாகிறது.

கண்டி மன்னர் காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் நெல்வயல்களும், அவற்றையொட்டி வீட்டுத்தோட்டங்களும், சாய்வுகளில் சேனைப் பயிரும், உச்சியிற் காடும் இருந்தன. ஓடைகளை மறித்துக் கட்டிய சிற்றணைகளும் வாய்க்கால்களும் ஊராரின் கூட்டுழைப்பாற் பேணப்பட்டன. இவ்வொழுங்கை இலட்சியமயமாக்குதல் தவறு. அது நிலத்தோடு பிணைந்த கட்டாயச் சேவையையும் சாதிப் படிநிலையையும் அடித்தளமாகக் கொண்ட நிலவுடைமை ஒழுங்கேயாகும். எனினும், உச்சிக் காட்டை அழிக்கும் தேவையோ வலுவோ அதற்கு இருக்கவில்லை. இராச்சியத்தில் மடிகே பத்த எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பகுதியில் முஸ்லிம்கள் பணிபுரிந்தனர். மடவளை இன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊராகும். அத்தகைய ஊர்கள் கண்டி மண்ணுக்குப் புறம்பானவையல்ல என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். தமிழ் பேசிய நாயக்கர் மரபின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைக்கு அண்மையிற் சிறைப்பட்டதும் இத்தும்பறைப் பகுதியிலேயேயாகும். 1818 கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரும் தும்பறையைச் சேர்ந்தவருமான மடுகல்லை அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயராற் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அரசியல் வெற்றியைத் தொடர்ந்து நிலத்தின் மீதான வெற்றி நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என விதித்தது. எழுத்துறுதியின்றி வழக்காற்றினாற் சேனை நிலத்தை அனுபவித்த குடியானவன் இச்சட்டத்தின் முன் உரிமையற்றவனானான். நிலம் கோப்பித் துரைமார் கைக்கு மாறிற்று. கோப்பிக்காகக் காடு அடியோடு வெட்டி எரிக்கப்பட்டது. பின்னர் புல்லும் இல்லாதவாறு களை அகற்றப்பட்டது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மேன்மண் சில பருவமழைகளில் ஆற்றோடு சென்றது.

இதன் விளைவைக் குடியேற்ற அரசு அறியாதிருக்கவில்லை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் தட்பவெப்ப நிலையைப் பேணும் பொருட்டு ஒதுக்கப்பட்டன. நக்கிள்ஸ் உச்சிக் காடுகள் எஞ்சியமைக்கு இது ஒரு காரணமாகும். ஆனால் எல்லைக்கோடு 5,000 அடியில் இடப்பட்டமை கூர்ந்து நோக்கத்தக்கது. அதற்குக் கீழுள்ள சாய்வு முழுவதும் மூலதனத்துக்குத் திறந்துவிடப்பட்டது. காப்பும் சுரண்டலும் ஒரே அரசின் இரு கைகளாகத் தொழிற்பட்டன.

வெட்டியெரித்த சாய்வைப் பயிர்நிலமாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். மன்னாரில் இறங்கி, வடக்கின் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்த இவர்களுட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். கங்காணி முறையும் முற்பணக் கடனும் எஞ்சியோரைத் தோட்டத்தோடு பிணைத்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது துரைமார் தேயிலைக்கு மாறினர். கீழ்த் தும்பறையில் கொக்கோவும் பயிராயிற்று. 1880இல் மாத்தளைக்கு நீண்ட இருப்புப்பாதை வத்துகாமத்தைத் தொட்டுச் சென்றது. பருவகாலத்துக்கு வந்துபோன கோப்பித் தொழிலாளி, ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டிய தேயிலையின் கீழ் நிரந்தரமாக லயன் அறையிற் குடியமர்ந்தான். மேலே தமிழ்த் தொழிலாளியும் கீழே சிங்கள விவசாயியும் இடையே முஸ்லிம் வணிகனும் என்ற சமூக அடுக்கு இவ்வாறு நிலத்தின் அடுக்கோடு ஒன்றித்து உருவாயிற்று. இவ்வடுக்கு இயற்கை தந்ததன்று. குடியேற்றவாதம் அமைத்த உற்பத்தி உறவு தந்தது.

நிலமிழந்த கிராமவாசியும் நிலமே பெறாத தொழிலாளியும் ஒரே வரலாற்றினாற் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் அரசியல் அவர்களை எதிரெதிரே நிறுத்தியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். அதேவேளை, கண்டிய விவசாயிகளின் நிலமின்மை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு 1951இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் மண்காப்புச் சட்டமும் நிறைவேறியது. விவசாயிக்கு ஓர் அறிக்கை, மண்ணுக்கு ஒரு சட்டம், தொழிலாளிக்கு நாடின்மை என்றவாறு ஒரே பள்ளத்தாக்கின் பிரச்சினை மூன்று கோப்புகளாகப் பிரிந்தது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. எனினும் லயன் அறை லயன் அறையாகவே நின்றது.

மூன்றாவது கட்டம் நீரைப் பற்றியது. 1976இல் மடவளைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரின் ஒரு பகுதி எட்டு கிலோமீற்றர் சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்கும் அப்பால் வடக்கின் வயல்களுக்கும் திருப்பப்பட்டது. இதனால் பொல்கொல்லைக்குக் கீழே பாயும் மகாவலிக்கு ஹுலுகங்கை போன்ற துணையாறுகள் தரும் நீர் முன்னரிலும் முக்கியத்துவம் பெற்றது. பின்னர் பிரித்தானிய உதவியுடன் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை எழுந்து 1985 ஏப்ரலிற் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்னிலையத்தின் வலு 210 மெகாவாற்று. பழைய தெல்தெனிய நகரும் பள்ளத்தாக்கின் நல்வயல்களும் நீருள் மூழ்கின. பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர், பலர் மகாவலிக் குடியேற்ற வலயங்களுக்கு அனுப்பப்பட்டனர். வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுவதுண்டு.

நீர்த்தேக்கத்தின் ஆயுள் அதனுட் படியும் மண்ணைப் பொறுத்தது. மண்ணோ, கைவிடப்பட்ட தேயிலைச் சாய்விலிருந்தும் வடிகால் பராமரிப்பற்ற தோட்டங்களிலிருந்தும் வருகிறது. ஆகவே, அணையைக் காப்பவன் பொறியியலாளன் மட்டுமல்லன். மேலே கான் வெட்டி, கல்லணை கட்டி, மண்ணைத் தடுக்கும் தோட்டத் தொழிலாளியும் அதனைக் காப்பவனே. எனினும் அவனுக்கு அம்மண்ணில் உரித்தில்லை. 1988, 2003 சட்டங்கள் நாடற்ற நிலைக்குத் தீர்வு கண்டன, வாக்குரிமை கிடைத்தது. நிலவுரிமையோ பெரும்பான்மையோருக்கு இன்னும் கிட்டவில்லை. 2010இல் நக்கிள்ஸ் காடு, மத்திய உயர்நிலத்தின் ஒரு பகுதியாக, உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. காட்டின் மரபுரிமையை உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது; அதன் அடிவாரத்தில் தலைமுறைகளாக உழைத்தோரின் மரபுரிமை ஒரு பேர்ச் காணியளவிலேனும் ஏற்கப்படுவது எப்போது?

இவ்வினா ஏட்டளவினதன்று. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிராக நிகழ்ந்த வன்செயல், ஒரே ஆற்றின் மக்கள் ஒருவரையொருவர் அந்நியராகக் காணப் பழக்கப்பட்டமையின் கொடிய விளைவாகும். 2025 நவம்பரில் டிட்வா புயலின் பெருமழை கண்டி மாவட்டத்தின் சாய்வுகளைச் சரித்து உயிர்களைக் கொண்டபோது, மண்சரிவு இனம் பார்த்து நிகழவில்லை. ஆனால் பாதுகாப்பான இடத்தைத் தெரிந்து வீடமைக்கும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருக்கவுமில்லை.

ஒரு சிறிய ஆற்றை அலகாகக் கொண்ட இந்நோக்கு நமக்குணர்த்துவது இதுவே: மலையகத் தமிழரின் வரலாற்றைக் கண்டி விவசாயியின் வரலாற்றிலிருந்தும், இவ்விரண்டையும் மடவளை முஸ்லிமின் வரலாற்றிலிருந்தும் பிரித்து எழுதுதல் இயலாது. பள்ளத்தாக்கின் சாய்வையும் நீரையும் பற்றிய தீர்மானங்கள் 1840இலும், 1873இலும், 1985இலும் அப்பள்ளத்தாக்கிற்கு வெளியேதான் எடுக்கப்பட்டன. அவை அங்கு வாழ்வோர் அனைவரும் கூடி எடுப்பனவாக மாறும்போதே இப்பள்ளத்தாக்கின் அடுத்த வரலாறு தொடங்கும். அதற்கு வேண்டிய முதற்படி, தோட்ட லயனிலிருந்து வயல் வரை நிலவும் நினைவுகளை மூன்று மொழிவழக்குகளிலும் திரட்டுவதாகும். பல்கலைக்கழகத்துக்கு மிக அண்மையிலுள்ள இப்பள்ளத்தாக்கில் அப்பணியைத் தொடங்குதல் நமது கடமையாகும்.