அறவணர் தந்த மருந்து

கீழ்ப்பாக்கத்தில் மேடவாக்கம் குளச் சாலை என்று ஒரு சாலை உண்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் வழியில் இருக்கும் நம் மேடவாக்கத்துக்கும் அந்தச் சாலைக்கும் நடுவே ஒரு மாநகரமே கிடக்கிறது; பெயர் மட்டும் ஒன்று. அந்தச் சாலையில்தான் அரசு மனநல மருத்துவமனை நிற்கிறது. கும்பினியார் ஆட்சியில், 1794-இல், பித்தர் விடுதியாகத் தொடங்கப்பெற்று, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, 1922-இல் மனநோய் மருத்துவமனை என்ற பெயரைத் தாங்கிய நிலையம் அது. காய்ச்சல் கண்டவனைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. கால் ஒடிந்தவனைக் கேலி பேசுவதில்லை. மனம் ஒடிந்தவனை மட்டும் 'கீழ்ப்பாக்கம்' என்று ஒரே சொல்லில் எள்ளி நகையாடி ஒதுக்கி வைக்கிறோம்!

கும்பினியார் வருமுன் மனம் நொந்தவர்க்கு இந்த நாடு என்ன மருந்து வைத்திருந்தது? வேப்பிலை இருந்தது, உடுக்கை இருந்தது, தாயத்து இருந்தது. குணசீலத்தில் பெருமாள் கோயிலில் 48 நாள் கிடந்தால் பித்தம் தெளியும் என்றார்கள். ஏர்வாடியில் தர்கா நிழலில் கிடந்தால் தெளியும் என்றார்கள். எந்த மதமும் இதில் மற்றொன்றுக்கு இளைத்ததன்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியுமுன், ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டனர். அதற்குப் பின்னும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியில் பிணைத்தல் கூடாது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில்!

சங்கிலியும் தாயத்தும் மட்டுமே நம் பழைய செல்வம் என்று எண்ணிவிட வேண்டா. வேறொரு மருந்தும் தமிழகத்தில் இருந்தது. அதைத் தந்தவர் ஒரு பௌத்தத் துறவி. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அறவண அடிகள்.

மாதவி அவரிடம் எப்படிச் சென்றாள் என்பதை நினைவு கொள்வோம். கோவலன் மதுரையில் கொலையுண்டான். செய்தி புகாருக்கு வந்தது. மாதவிக்கு மணவினை இல்லை. ஆகவே கைம்பெண் என்ற பெயரும் இல்லை. அழுவதற்குக்கூட ஊர் அவளுக்கு உரிமை தரவில்லை. தாய் சித்திராபதியோ, குலத்தொழிலுக்குத் திரும்பு, மகளையும் அழைத்து வா, விழாவில் ஆடு என்று தோழியைத் தூது விடுகிறாள். மாதவி மறுக்கிறாள். தவச்சாலை சென்று அடிகளின் அடியில் வீழ்ந்து, காதலனுக்கு நேர்ந்ததைச் சொன்னதாகத் தோழி வசந்தமாலையிடம் கூறுகிறாள். அவர் அவளைத் தீட்டுடையவள் என்று தள்ளவில்லை. பரிகாரம் செய் என்று பணம் கேட்கவில்லை. துயர் உண்டு, துயருக்குக் காரணம் பற்று, பற்று விட்டால் துயர் நீங்கும், நீங்கும் வழி இது என்று காரண காரியமாக எடுத்துரைத்து, ஐந்து ஒழுக்கங்களைக் கைக்கொள்ளச் சொன்னார்.

வியன்னா நகரில் பிராய்டும் பிராயரும் 1895-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நோயாளி தன் உள்ளத்தில் அடைத்து வைத்ததை வாய்விட்டுச் சொன்னாலே நோயின் கட்டு தளர்கிறது என்று கண்டதை அதில் எழுதினார்கள். அந்த நோயாளிப் பெண்ணே அதற்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயரும் இட்டாள். அதைப் படித்து வியக்கும் நம் இளைஞர், மாதவி சொன்னதையும் ஒரு துறவி செவிமடுத்ததையும் மறந்துவிடுகின்றனர். இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. 'எல்லாம் அன்றே எங்கள் ஏட்டில் இருக்கிறது' என்று மார்தட்டும் வேலையை வைதிகர்க்கே விட்டுவிடுவோம். துயருற்றவரைப் பேசவிட்டுக் கேட்பது, பிறகு அவர் அறிவோடு பேசுவது என்ற முறை இந்த மண்ணுக்கு அயலானதன்று என்பதே நாம் சொல்ல விழைவது.

இதைவிட வியப்பானது சிறையில் நடந்தது. அரசன் மகன் உதயகுமரன் மணிமேகலையைக் காதலித்து, அவள் பின்னே அலைந்து, ஒருவன் வாளால் வெட்டுண்டு மாண்டான். அரசி மணிமேகலையைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு பழி தீர்க்க முனைகிறாள். பித்தேறும் மருந்து ஊட்டினாள். கற்பழிக்க ஒரு முரடனை ஏவினாள். நோயென்று சொல்லிப் புழுக்கமான அறையில் அடைத்துப் பட்டினி போட்டாள். மணிமேகலை மந்திர வலிமையால் தப்பினாள் என்கிறார் சாத்தனார். அந்த மந்திரத்தை அவரிடமே விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அஞ்சி நடுங்கும் அரசியிடம் அவள் கேட்கிறாள்: நீ அழுதது உன் மகன் உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கென்றால், அதை எடுத்துச் சென்று சுடுகாட்டில் இடச் செய்தவர் யார்? உயிருக்கென்றால், அது போன இடம் நீ அறிய மாட்டாய். அந்த ஓர் உயிர்மீது உனக்கு அன்பு உண்மையானால், எல்லா உயிர்மீதும் அல்லவா நீ இரங்க வேண்டும்? அரசி வணங்குகிறாள். என்னை வணங்காதே, நீ மன்னனின் தேவி என்று கூறி மணிமேகலை அவளை வணங்குகிறாள். பின்னர் அறவணரே அரண்மனைக்கு வந்து அரசிக்கு அறம் உரைக்கிறார்.

தன்னை அழிக்க வந்தவளுக்கு மருத்துவம் பார்க்கிறாள் மணிமேகலை! எந்தப் பூசாரி இதைச் செய்தான்? அவள் அடைபட்ட சிறையும் வெறுஞ்சிறையன்று. அதற்குச் சில நாள் முன்னர்தான் அரசனிடம் அவள் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியிருந்தாள். குற்றவாளிகள் கிடந்த இடத்தில் சோறு வழங்கப்பட்டது.

நம் இயக்கத்துக்கு இந்தக் கதையில் உறவு கொண்டாட உரிமை உண்டு. குலத்தொழில் என்ற பெயரால் பெண்ணை விற்ற கொடுமையை எதிர்த்து, அக்குலத்திலேயே வளர்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சித்திராபதிக்கு 'மாட்டேன்' என்று சொன்ன மாதவியின் சொல் சட்டமாவதற்கு அத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

ஆனால் அறவணரை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. காதல் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால், பற்று என்பார். பற்று துயரின் வேர் என்பார். உதயகுமரன் ஏன் மாண்டான் என்று கேட்டால் காப்பியம் முற்பிறப்புக்கு ஓடுகிறது. முற்பிறப்பில் அவன் ஒரு சமையற்காரனைக் கொன்றானாம். அவ்வினை வாளாக வந்ததாம்! தூணில் இருக்கும் பாவை வாய் திறந்து இதைச் சொல்கிறது. வாளை ஓங்கியவன் காஞ்சனன். தன் மனைவியை இன்னொருவன் தொடர்கிறான் என்று தவறாக எண்ணி ஆத்திரத்தில் வெட்டினான். அதுதான் காரணம். அதற்கு மேல் பிறவிக் கணக்கு எழுதுவது, கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவனைக் குற்றவாளியாக்குவதில் முடியும். வைதிகன் சேரியைப் பார்த்துச் சொன்னதும் இதே முற்பிறப்புக் கணக்கல்லவா?

இருவர் மனமொத்து வாழும் இல்லறக் காதலுக்குத் துறவியின் ஏட்டில் இடமில்லை. சுயமரியாதை இயக்கம் அந்த இடத்தை நிரப்பியது. புரோகிதனின்றி, நிகர் நிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்கும் திருமணம், அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சட்டத்தால் 1968 முதல் செல்லுபடியாயிற்று. காதல் பற்றுதான் என்றாலும், எல்லாப் பற்றும் நோயன்று.

இவ்விடத்தில் இன்னொரு துறவியையும் கேட்க வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் 'விசுத்தி மார்க்கம்' இயற்றிய புத்தகோசர் அவர். காஞ்சியில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரையொன்றில் குறிப்பவர். மனம் ஒரே அச்சில் வார்த்ததன்று என்கிறார் அவர். ஆசை மிகுந்தவன், சினம் மிகுந்தவன், மயக்கம் மிகுந்தவன், நம்பிக்கை மிகுந்தவன், அறிவு மிகுந்தவன், எண்ணம் அலைபவன் என ஆறு வகை. எந்த வகை என்று எப்படி அறிவது? சாதகம் பார்த்தன்று, துடைப்பத்தைக் கையில் கொடுத்துப் பார்த்து! ஆசையுடையவன் மணலைச் சிதறாமல் ஒழுங்காகப் பெருக்குவான். சினமுடையவன் துடைப்பத்தை இறுகப் பிடித்து இருபுறமும் மணல் பறக்க, காது கூசும் ஓசையுடன் பெருக்குவான். மயக்கமுடையவன் தளர்வாகப் பிடித்து அலங்கோலம் செய்வான். மருந்தும் ஆளுக்கேற்றது. சினமுடையவனுக்குத் தூய்மையான, அழகிய, மணம் கமழும் அறையைக் கொடு. மயங்குபவனை நெருக்கடியில் அடைக்காதே, திசைகள் தெரியும் இடத்தில் அமர்த்து. ஒரு கொட்டகையில் எல்லாரையும் ஒரே சங்கிலியில் கட்டிய மேதைகள் இதைப் படித்ததில்லை.

அன்பைப் பற்றி அவர் கூறுவதும் ஆராயத் தக்கது. முதலில் தன்மீது அன்பு. பிறகு போற்றத் தக்க ஆசான், நண்பன், வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன், கடைசியில் பகைவன். அன்புக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. பக்கத்துப் பகை ஆசை, ஏனெனில் அது அன்பைப் போலவே வேடமிட்டு வரும். நீயும் நண்பனும் பொதுவானவனும் பகைவனும் ஒன்றாக இருக்கையில் கள்வர் வந்து, பலியிட ஒருவனைக் கொடு என்றால் யாரைக் கொடுப்பாய்? பகைவனைக் கொடுப்பேன் என்பவன் தோற்றான். என்னையே எடுத்துக்கொள் என்பவனும் தோற்றான் என்கிறார் புத்தகோசர்! நால்வரில் எவனையும் கொடுக்கத் தோன்றாத உள்ளத்தில்தான் வேலி உடைந்திருக்கிறது. தியாகம் தியாகம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், தன்னையும் ஓர் உயிராக எண்ணச் சொல்லும் இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பயில வேண்டும்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்சுப் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-சின் என்பார் பௌத்தத் தியானத்தை மருத்துவப் பயிற்சியாக வகுத்தார். அது உலகெங்கும் பரவியிருக்கிறது. மூச்சைக் கவனிக்கக் கற்பவருக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை. எனினும் பெரும்பாலும் மூச்சு மட்டுமே பயணம் செய்தது, சங்கம் பின்தங்கிவிட்டது. புத்தர் துயருற்றவரைத் தனியறையில் விட்டவரல்லர். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமியை, சாவு நுழையாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று வீடுவீடாக அனுப்பினார். அவளைத் தேற்றியது கடுகன்று. வாசல்தோறும் அவள் கேட்ட பிறர் துயரம். பின்பு அவளுக்குச் சங்கத்தில் இடம் கிடைத்தது.

அந்தச் சங்கத்தைத் தமிழகத்தில் மீண்டும் கட்ட முனைந்தவர் அயோத்திதாசப் பண்டிதர், அவரும் மருத்துவர். 1898-இல் இலங்கை சென்று பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் தொடங்கினார். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் கூடி அமரவும் படிக்கவும், தம் நல்லது கெட்டதுகளைப் பார்ப்பானின்றி நடத்திக்கொள்ளவும் அங்கே இடம் கிடைத்தது. கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் கிளைகள் தழைத்தன. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் பகுதி மக்கள் அங்கே மருந்து வாங்கப் போகிறார்கள். பெயருக்குரியவர் யார் என்று கேட்பவர் எத்தனை பேர்?

பெரியார் 1953-இல் பிள்ளையார் உருவத்தை உடைக்கப் புத்தர் நாளைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு ஈரோட்டில் புத்தர் மாநாடு கூட்டினார். புத்தியைப் பயன்படுத்துபவனே புத்தன் என்றார். 1957-இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அம்பேத்கர் ஒரு கேள்வி கேட்டார்: புத்தர் பிக்குவை உருவாக்கியது எதற்கு? தன்னளவில் நிறைவுற்ற மனிதனாக இருக்கவா, மக்களுக்குத் தொண்டனாக, நண்பனாக, வழிகாட்டியாக இருக்கவா? இந்தக் கேள்வி பிக்குகளுக்கு மட்டும் உரியதன்று. மூடநம்பிக்கையை இடித்துத் தள்ளும் நம் தோழனின் வீட்டில் பிள்ளை இறந்தால், பூசாரி வருவதில்லை, சரி. பதினாறாம் நாளுக்குப் பின்னும் அந்தத் தாயின் அருகில் அமர்ந்து கேட்க நம்மில் யார் போகிறோம்? நாம் போகாத வாசலில்தான் குறி சொல்பவன் நுழைகிறான்.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் பெரும்பாக்கம் இருக்கிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அங்கே அடுக்கு வீடுகளில் குடியேற்றப்பட்டுள்ளன. 2004 திசம்பர் 26-இல் கடல் பொங்கியபின் வீடிழந்தவர்களில் ஒரு பகுதியினர் செம்மஞ்சேரிக்கு வந்தனர். பக்கத்திலேயே கண்ணகி நகர்! கூரை கிடைத்தது, அண்டை வீடும் பழகிய தெருவும் கிடைக்கவில்லை. அந்தக் குடியிருப்புகளில் கள்ளும் கஞ்சாவும் பெருகின என்று முகம் சுளிப்பவர், சங்கம் கலைந்த மனிதருக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறவணரும் கடலால் வீடிழந்தவரே. புகாரைக் கடல் கொண்டபின் மாதவியோடும் சுதமதியோடும் அவர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். காஞ்சியில் அப்போது பஞ்சம். மணிமேகலை பாத்திரத்தைப் பீடத்தில் வைத்து, பதினெட்டு மொழி பேசுவோரிலும் பார்வையற்றோர், செவி கேளாதோர், கால் முடமானோர், பசித்தோர் எல்லாரையும் அழைத்தாள். அவர்கள் உண்டு முடித்த பிறகுதான் அறவணர் அவளுக்குத் தருக்கமும் அறமும் உரைக்கத் தொடங்குகிறார். அவள் நோன்பில் அமர்வதோடு காப்பியம் நிற்கிறது. பாத்திரம் அடுத்து யார் கைக்குப் போயிற்று என்பதைச் சாத்தனார் எழுதவில்லை.