இசைக் கல்லூரி வாயிலில் ஒரு மாணவி

1946ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர், அமெரிக்கக் கருப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு மடல் ஒன்று வரைந்தார். நம் மக்களின் நிலைக்கும் அமெரிக்கக் கருப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் எடுத்துரைத்தார். அவ்வொப்புமையை உளங்கொண்டு, இசைக் கல்லூரி ஒன்றின் வாயிலில் நின்ற மாணவி ஒருவரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

யூனிஸ் வேமன் 1933ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், வட கரோலினா மாநிலத்து டிரையான் என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டு மக்களுள் ஆறாமவர். தாயார் திருச்சபைப் போதகர். பிறர் வீடுகளில் வேலை செய்தும் குடும்பத்தைத் தாங்கியவர். அவர் வேலை பார்த்த வீட்டு அம்மையாரே சிறுமியின் பியானோப் பாடத்துக்கு முதலில் பொருளுதவி செய்தார். பின்னர் ஆசிரியை மியூரியல் மசனோவிச், யூனிஸின் பெயரால் நிதி ஒன்று தொடங்கி ஊராரிடம் பொருள் திரட்டினார். ஒருமுறை ஊரில் யூனிஸ் வாசிக்கவிருந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோரைப் பின்னே போகச் சொன்னார்கள். அவர்கள் மீண்டும் முன்னே அமர்ந்தாலன்றி வாசியேன் என்று அச்சிறுமி மறுத்துவிட்டார். இதனை அவரே தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார்.

1950இல் பள்ளிக் கல்வியை முதன்மையாக முடித்த யூனிஸ், நியூயார்க் ஜூலியார்டு இசைப்பள்ளியில் கார்ல் ஃபிரீட்பெர்க்கிடம் பயின்று, பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கழகத் தேர்வுக்கு அணியமானார். 1924இல் நிறுவப்பெற்ற அக்கழகம் 1928 முதல் எம்மாணவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. ஆகவே இடங்கள் மிகச் சில. போட்டியோ மிகப் பெரிது. மகள் அங்குப் பயில்வாள் என்ற நம்பிக்கையில் குடும்பமே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951ஆம் ஆண்டுப் பியானோத் தேர்வில் வாசித்தோர் 72 பேர்; சேர்க்கப்பட்டோர் மூவர். யூனிஸ் அம்மூவருள் ஒருவரல்லர்.

நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். தேர்வாளருள் ஒருவரான விளாடிமிர் சோகோலோஃப் அதனை மறுத்தார். ஜார்ஜ் வாக்கர் என்னும் கருப்பின இளைஞர் 1945இலேயே அக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தார் என்பதும் உண்மையே. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. எனினும், பெற்றோரின் இருக்கை பறிக்கப்பட்டதைக் கண்ட ஒரு பெண், காரணம் விளங்காத மறுப்பை வேறெவ்வாறு பொருள் கொள்வாள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் முன்னரே நுழைந்துவிட்டார் என்பது, மற்றவர்க்கு நீதி கிடைத்தது என்பதற்குச் சான்றாகாது.

யூனிஸ் சோர்ந்து ஒதுங்கவில்லை. அதே சோகோலோஃபிடம் தனியே பாடங்கேட்டார். அதற்கான பொருளைத் தாமே ஈட்டவேண்டியிருந்தமையால், பாடகர்க்குப் பக்கவாத்தியம் வாசித்தார், பிள்ளைகளுக்குக் கற்பித்தார், 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுவிடுதி ஒன்றில் வாசிக்கலானார். சமயப் பற்று மிக்க தாயார் அறியாதிருக்கும்பொருட்டு நினா சிமோன் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். அப்பெயரே பின்னர் உலகப் புகழ் பெற்றது. கர்ட்டிஸ் கழகம் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. 52 ஆண்டுகள் கழித்து வந்த அப்பட்டத்தைப் பெற்ற இரண்டாம் நாளில், ஏப்ரல் 21 அன்று, அவர் மறைந்தார்.

கல்விப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் இவ்வரலாற்றினின்று கற்பன இரண்டு. தேர்வு மேடையில் கழிவன சில நிமிடங்களே. அவற்றின் பின்னே நிற்பன ஆசிரியரும் கருவியும் பல்லாண்டுப் பயிற்சியும். வாயிலில் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. வாயில்வரை செல்லும் வழிக்கும் பொருள் வேண்டும். இது முதலாவது. டிரையான் ஊரார் நிதி அப்பெண்ணை வாயில்வரை கொண்டு சேர்த்தது. கதவு திறவாத மறுநாளில் அவர் தம் கையையே நம்ப நேர்ந்தது. வென்ற பிள்ளைக்குப் பரிசளிக்கும் நாம், தோற்ற பிள்ளை மறுமுறை தேர்வெழுதவும் கைகொடுத்தல் வேண்டும். இது இரண்டாவது, நாம் பெரிதும் மறப்பதும் இதுவே.