பாடுபவருக்குத் தன் குரல் கேட்க வேண்டாமா? மேடை மோனிட்டர்களை இணைக்கும் முறை

தோட்டத்துப் பல்நோக்கு மண்டபத்தில் பொங்கல் விழா. படிவம் மூன்று மாணவி ஒருவர் மேடையேறுகிறார். வீட்டில் பிசகில்லாமல் பாடிய பாட்டு, மேடையில் இரண்டாவது வரியிலேயே சுருதி விலகுகிறது. “பிள்ளைக்குப் பயிற்சி போதவில்லை” என்று கீழே பேச்சு கிளம்புகிறது.

குறை பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டும் கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. மேடையில் இருப்பவருக்குக் கேட்பது பின்சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலிதான். மண்டபம் 30 மீட்டர் நீளம் என்றால் அந்த ஒலி 60 மீட்டர் ஓடி வர வேண்டும். ஏறக்குறைய 0.17 விநாடி தாமதம். அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டு தாளம் தப்பாமல் பாடுவது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

இதற்காகத்தான் பாடுபவரின் காலடியில், முகத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் மோனிட்டர் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் இன்று சொந்தமாக ஒலிச் சாதனங்கள் வாங்குகின்றன. இணைக்கும் முறை தெரியாமல் அவற்றைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

இரண்டு வகை

முதல் வகைக்குள் ஸ்பீக்கர் மட்டுமே இருக்கும். அதை ஒலிக்க வைக்கத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இதைப் ‘பாசிவ்’ என்பார்கள். இரண்டாம் வகையில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இது ‘பவர்ட்’ அல்லது ‘ஆக்டிவ்’. பெட்டியின் பின்புறம் பாருங்கள். மின்சார ஒயர் செருகும் இடமும் ஒலி அளவுத் திருகியும் இருந்தால் அது பவர்ட். ஒயர் செருகும் துளைகள் மட்டும் இருந்தால் பாசிவ்.

பாசிவ் மோனிட்டரை இணைக்க

மிக்ஸரில் உள்ள ‘ஆக்ஸ்’ வெளியீட்டிலிருந்து ஒயர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுக்குப் போக வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயர் மோனிட்டருக்குப் போக வேண்டும். ஸ்பீக்கான் முனை என்றால் செருகித் திருகுங்கள், பூட்டிக்கொள்ளும்.

இங்கே பலர் செய்யும் தவறு, கிட்டார் ஒயரை ஸ்பீக்கர் ஒயராகப் பயன்படுத்துவது. இரண்டின் முனையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் கிட்டார் ஒயரின் உட்கம்பி மிக மெல்லியது. ஆம்ப்ளிஃபையரின் மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறும். ஆம்ப்ளிஃபையரும் கெடலாம். மேடை அளவு தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள இரட்டைக் கம்பி ஒயர் தாராளமாகப் போதும்.

ஓம் கணக்கு

ஒரு மோனிட்டரிலிருந்து அடுத்ததற்கு ஒயர் இழுத்துக்கொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். 8 ஓம் பெட்டி ஒன்று இருந்தால் ஆம்ப்ளிஃபையர் காணும் சுமை 8 ஓம். இரண்டு இணைத்தால் 4 ஓம். நான்கு இணைத்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்கு வேலை கூடுகிறது. அதன் பின்புறத்தில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருந்தால், ஒரு சேனலுக்கு இரண்டு 8 ஓம் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரு சேனல்களையும் ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில் இந்த எல்லை மாறும். கையேட்டைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

பவர்ட் மோனிட்டரை இணைக்க

இதற்கு இரண்டு ஒயர்கள் போதும். ஒன்று மின்சாரத்துக்கு. மற்றொன்று மிக்ஸரின் ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து வரும் எக்ஸ்.எல்.ஆர். ஒயர். பெட்டியில் ‘மைக் – லைன்’ விசை இருந்தால் ‘லைன்’ பக்கம் வையுங்கள். மைக் பக்கம் இருந்தால் சத்தம் சிதறி உறுத்தும். இரண்டாவது மோனிட்டருக்கும் அதே ஒலி வேண்டுமென்றால், முதல் பெட்டியின் ‘லிங்க்’ அல்லது ‘த்ரூ’ துளையிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் இங்கு ஓம் கணக்கு இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் வெளியீட்டைப் பவர்ட் பெட்டியின் உள்ளீட்டில் ஒருபோதும் செருகக் கூடாது. உள்ளே இருக்கும் மின்சுற்று கருகிவிடக்கூடும். மாறாக, பாசிவ் பெட்டியை நேராக மிக்ஸரில் செருகினால் சத்தமே வராது, அவ்வளவுதான். மன்றத்தில் இரு வகையும் இருந்தால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டையும் ஒரே மேடையில் பயன்படுத்தலாம். ஆக்ஸ் 1 ஆம்ப்ளிஃபையர் வழியாகப் பாசிவ் பெட்டிகளுக்கு, ஆக்ஸ் 2 நேராகப் பவர்ட் பெட்டிக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸரில்

ஆக்ஸை ‘பிரி ஃபேடர்’ நிலையில் வையுங்கள். அப்போதுதான் கூட்டத்துக்குப் போகும் சத்தத்தை ஏற்றி இறக்கினாலும் பாடுபவருக்குக் கேட்கும் அளவு மாறாது. பாடகருக்குத் தன் குரலும் சுருதி தரும் கீபோர்டும் முக்கியம். தபலா கலைஞருக்குப் பாட்டு வேண்டும். எல்லாவற்றையும் எல்லாருக்கும் ஏற்றினால் எதுவும் தெளிவாக இருக்காது.

ஊளைச் சத்தம் ஏன்?

மோனிட்டரின் ஒலி மைக்குக்குள் நுழைந்து, மீண்டும் மோனிட்டருக்கே வந்து சுற்றுவதால்தான் ‘வீல்’ என்ற ஊளை எழுகிறது. பாடகர்கள் அதிகம் பயன்படுத்தும் கார்டியாயிட் வகை மைக் தன் பின்புறத்து ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே மோனிட்டர் பாடுபவருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பக்கம் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாயிட் மைக் என்றால் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிக் கொடுங்கள்.

நிகழ்ச்சிக்கு முன் மோனிட்டரின் அளவை மெல்ல ஏற்றுங்கள். ஊளை தொடங்கும் அலைவரிசையைக் கண்டுபிடித்து, ஈக்வலைசரில் 3 டெசிபல் குறையுங்கள். மூன்று நான்கு இடங்களுக்கு மேல் வெட்டினால் குரலின் உயிரே போய்விடும். அதன் பிறகும் ஊளை வந்தால் சத்தத்தைக் குறைப்பதே வழி.

உயிர் காக்கும் விதிகள்

இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவோர் உண்டு. பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் மைக் பிடித்தவரின் உடலில் பாயலாம். இரைச்சல் இருந்தால் மிக்ஸருக்கும் மோனிட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். சமநிலை எக்ஸ்.எல்.ஆர். ஒயரைப் பயன்படுத்துங்கள். கீபோர்டை டி.ஐ. பெட்டி வழியாக இணையுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடியே அதிகச் சுமை கொடுத்தால் சூடேறி உருகும். திறந்தவெளி மேடையில் மழை தூறினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபையரும் பவர்ட் மோனிட்டர்களும் கடைசியில். நிறுத்தும்போது இவை முதலில், மிக்ஸர் கடைசியில். இல்லாவிட்டால் ‘டொம்’ என்ற அதிர்வில் ஸ்பீக்கர் கெடக்கூடும்.

விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாதனங்களை இணைத்து, பாடும் பிள்ளையை மேடையில் நிறுத்தி, “உன் குரல் உனக்குக் கேட்கிறதா?” என்று ஒருமுறை கேளுங்கள். “கேட்கிறது” என்று சொல்லும் வரை சரிசெய்யுங்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிள்ளைக்கு ஏற்பாட்டாளர்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்ச உதவி அதுதான்.