தேசிய பங்குச் சந்தை வணிக நிறுத்தம், 2021

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை, இந்தியாவின் தேசிய பங்குச் சந்தையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வணிகம் நின்றது. தரவின் நகல்கள் வேறு மையங்களில் இருந்தபோதும் சந்தையை உடனே மீட்க முடியவில்லை. நகல் வைத்திருப்பது மட்டும் போதாது, அதன் நிலையை இடைவிடாது கண்காணித்து, தேவையானபோது அதற்கு மாறவும் முடிய வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பின்னணி

1994-இல் வணிகத்தைத் தொடங்கிய தேசிய பங்குச் சந்தை, தொடக்கம் முதலே கணினித் திரை வழியாக இயங்கி வருகிறது. சங்கரன்கோவிலில் ஒருவர் கைப்பேசியில் தரும் ஆணையும் மும்பையிலுள்ள கணினிகளுக்கே சென்று சேர்கிறது. அவை செயலிழந்தால் பயன்படுத்துவதற்காக மும்பையில் ஓர் அண்மை மையமும், சென்னையில் பேரிடர் மீட்பு மையமும் அமைக்கப்பட்டிருந்தன.

நகலாக்கம்

சேமிப்பகத் தரவு இரு முறைகளில் நகலாக்கப்படுகிறது. உடனிகழ் நகலாக்கத்தில், இரண்டு மையங்களிலும் எழுதப்பட்ட பின்னரே ஒரு பதிவு முடிந்ததாகக் கொள்ளப்படும். இதில் தரவு இழப்பு இல்லை. ஆனால் கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே 1,000 கிலோமீட்டர் அளவு தொலைவு இருப்பதால், ஒவ்வொரு பதிவும் போய்வர 10 மில்லிநொடியாவது காத்திருக்க நேரும். எனவே தொலைவிலுள்ள மையங்களுக்குப் பொதுவாகப் பின்தொடர் நகலாக்கம் பயன்படுகிறது. இதில் நகல் சற்றுப் பின்தங்கியே இருக்கும்.

இணைப்பு அறுந்தால் நகலாக்கம் இடைநிற்கும். இணைப்பு மீண்டபின், விடுபட்டவை நிரப்பப்படும் வரை நகல் முழுமையற்றதாக இருக்கக்கூடும். அந்நிலையை அறியாமல் நகலுக்கு மாறினால், பழைய தரவின் மீது புதிய வணிகம் நடந்துவிடும். இரு மையங்களும் தம்மையே முதன்மையாகக் கருதி இயங்கினால் கணக்குகள் இரண்டாகப் பிரியும்.

நிகழ்வு

முதன்மை மையத்துக்கும் அண்மை மையத்துக்கும் இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள் அன்று நிலைகுலைந்தன. வழியில் நடந்த தோண்டும் பணிகளும் கட்டுமானப் பணிகளுமே இதற்கு முக்கியக் காரணம் எனச் சந்தை விளக்கியது. இணைப்பு போனாலும் முதன்மைச் சேமிப்பகம் தனித்து இயங்கியிருக்க வேண்டும். ஆனால் எதிர்பாராத விதமாக அதுவும் சேவையகங்களுக்கு எட்டாமல் போனது. தீர்வகத்தின் இடர் மேலாண்மை அமைப்பு முடங்கியது. வணிகக் கணினிகள் நன்றாக இருந்தும், இடர் கணக்கிடாமல் வணிகத்தைத் தொடர இயலாததால் முற்பகல் 11:40-க்குச் சந்தை நிறுத்தப்பட்டது. பிற்பகல் 3:45 முதல் 5 மணி வரை மீண்டும் நடைபெற்றது.

பாதிப்பு

மாதாந்திர வழிப்பொருள் ஒப்பந்தங்கள் முடிவுறும் நாளுக்கு முந்தைய நாள் அது. நேர நீட்டிப்பு அறிவிக்கப்படும் முன்பே, தரகர்கள் பலர் வாடிக்கையாளர்களின் அன்றாட வணிக நிலுவைகளை மும்பை பங்குச் சந்தையில் முடித்துவிட்டனர். பின்னர் தேசிய பங்குச் சந்தை திறந்தபோது, இழப்புக்கு உள்ளானவர்கள் முறையிட்டனர்.

விதிமாற்றம்

பேரிடர் மீட்பு மையத்துக்கு மாறாதது ஏன் என்று இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி) அன்றே விளக்கம் கேட்டது. 2021 மார்ச் 22-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும் என்றும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் செயல்பாட்டை மீட்க வேண்டும் என்றும் கூறியது. தரவு இழப்பு 15 நிமிட அளவைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. 2023-இல் தேசிய பங்குச் சந்தையும் அதன் தீர்வகமும் 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி இவ்வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டன.

2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிறப்பு நேரடி வணிகம் நடத்தப்பட்டது. முதல் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும், இரண்டாவது அமர்வு பேரிடர் மீட்பு மையத்திலிருந்தும் நடைபெற்றன. மே 18-இல் இச்சோதனை மீண்டும் நடத்தப்பட்டது.